முட்டியில் போட்ட ஒட்டு

அன்புள்ள கண்ணு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், எனக்கு அந்தச் சுகம் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பதறாதே, உட்கார்ந்து படி. மூன்று வாரமாக வீடியோவில் முகத்தை மட்டும் காட்டினேனே, முட்டியில் கட்டு இருந்ததால்தான். சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியது நான், அவரைத் திட்டாதே. போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும்.

வலது முட்டி தேய்ந்தது உனக்குத் தெரியும், முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால், தேயாமல் என்ன செய்யும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, முழு மூட்டையும் மாற்ற வேண்டாம், அந்தப் பாதியை மாற்றினால் போதும் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, முழங்கையில் கிழிந்தால் சட்டையையே தூக்கிப் போடுவோமா, ஒட்டுப் போடுவதுதானே. அப்புறம் காலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. மூட்டின் நடுவே எலும்பைப் பிடித்து நிறுத்தும் நார் அறுந்திருக்கிறதே, அது இல்லாமல் பாதி மூட்டு நிலைக்காதே, எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். நான் பையிலிருந்து என் முட்டிப் பட்டையை எடுத்துக் கொடுத்தேன், எலாஸ்டிக் வைத்து நானே தைத்தது, நான்கு நிறத்தில் வைத்திருக்கிறேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல் ரொம்ப நல்லா இருக்கும்மா, வைத்தியம்தான் இல்ல என்றார்.

விழுந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன்னை ரயிலேற்றிவிட்ட அன்று. ரயில் போனதும் நிலையத்துப் படியில் இறங்கினேன், கண்ணில் தண்ணீர், படி தெரியவில்லை. முட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். சுளுக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்தால் நீ அடுத்த நிலையத்திலேயே இறங்கித் திரும்பியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா. இது உன்னால் வந்ததில்லை, என் பிடிவாதத்தால் வந்தது. டாக்டரிடம் நான் இதையெல்லாம் சொன்னதை அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றார். ஆபரேஷனைவிட அதுதான் வலித்தது.

என் தொடையிலிருந்தே நார் எடுத்து முட்டியில் கட்டி, பாதி மூட்டையும் அதோடு வைக்கலாம், ஆனால் இந்த வயதில் அப்படிச் செய்வது அபூர்வம், திறந்து பார்த்து மோசமாக இருந்தால் முழுதும் மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, பாதியா முழுசா. பாதிதாம்மா, நல்லா வந்திருக்கு என்றாள் நர்ஸ். அழுதுவிட்டேன். இப்போது வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறேன். பயிற்சி கொடுக்க வரும் பெண் பத்து அடி போதும் என்றால் அப்பா இன்னும் நாலு அடி என்கிறார், பஸ் ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு அதிகாரம் பண்ணியதில்லை.

லீவு போட்டு ஓடி வராதே, நிதானமாக வா. ஒன்று மட்டும் கேள். போன மாதம் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய், கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். அந்த ஒன்றுமில்லை யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று இப்போது தெரிகிறது. போய் டாக்டரிடம் காட்டு, என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது.

கடிதத்தைக் கொடு, நான் போட்டுவிட்டு வருகிறேன் என்கிறார் அப்பா. கொடுக்கமாட்டேன். தபால் பெட்டி தெருமுனையில், மருந்துக் கடையைத் தாண்டி இருக்கிறது. நானே நடந்து போய்ப் போட முடிகிற நாள்வரை இது மெஷின் டிராயரில்தான் இருக்கும். இதை நீ படிக்கிறாய் என்றால், அம்மா நடந்துவிட்டாள்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இரு. இருமலை மறக்காதே.

உன் அம்மா