நாலு யூனிட் வெயில்

செவ்வாய் கிரகம், நாள் 212 — 17:40
துளையிடும் வேலை முடிந்தது. முகாம் 31 கி.மீ. தூரம். பேட்டரி 3%. தப்பு என்னுடையதுதான். சென்னையில் பத்து வருடம் கார் ஓட்டிய கை, நிழலைக் கண்டதும் தானாகத் திரும்பிவிடுகிறது. கூரை முழுக்க சோலார் பலகை வைத்த வண்டியை மூன்று நாள் பாறை நிழலில் நிறுத்தியிருக்கிறேன். இப்படியும் ஒரு பொறியாளர். பெயர் அமலோற்பவம்.

நாள் 213 — 12:05
வண்டியை வெயிலுக்கு எடுத்தேன். பின்னால் நின்று ரிவர்ஸ் பார்த்துச் சொன்ன நிலவியலாளர் இசக்கிமுத்து மேல் பாறை சரிந்தது. தொடை எலும்பு முறிவு. நாலு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்கிறார் முகாம் டாக்டர். முகாமில் வேறு வண்டி இல்லை; அடுத்த முகாமிலிருந்து மீட்பு வண்டி வர ஒன்பது நாளாகும்.

பலகை தினமும் தருவது நாலு யூனிட். ஆக்சிஜன் மெஷினுக்கு இரண்டு, ஹீட்டருக்கு ஒன்று. மிச்சம் ஒரு யூனிட்டில் நாலு கி.மீ. ஓடலாம்.

முகாம்: "சோலாரை நம்பி அவ்ளோ தூரம் வர்றது நடக்கற காரியமில்ல, அமலா. அங்கயே இருங்க."

ஹீட்டரை அணைத்துவிட்டேன். இனி தினமும் எட்டு கி.மீ.

நாள் 215 — 16:50
பதினாறு கி.மீ. வந்தாயிற்று. குளிரில் விரல் மடங்கவில்லை. இசக்கியின் பனியனால் பலகையில் புழுதி துடைக்கிறேன். தன்னை இறக்கிவிட்டால் பாரம் குறையும் என்றார். வாயை மூடச் சொன்னேன்.

நாள் 217 — 15:30
நேற்றும் எட்டு. இன்று புழுதிக்காற்று, நாலுதான். இன்னும் மூன்று கி.மீ.

முகாம்: "காத்து அடங்குற வரைக்கும் கதவு திறக்க மாட்டோம். அதான் சட்டம்."

சட்டத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஸ்டீயரிங்கை இசக்கி பிடிப்பார். நான் இறங்கித் தள்ளப் போகிறேன். என் உடையில் இரண்டு மணி நேர ஆக்சிஜன் இருக்கிறது. கதவருகே போனபின் திறக்கிறார்களா இல்லையா, பார்த்துவிடுகிறேன்.

நாள் 217 — 18:12
எழுதுவது இசக்கிமுத்து. முகாம் விளக்கு தெரிகிறது. கதவைத் திறக்கிறார்கள். அமலாவின் ஆக்சிஜன் 17:40க்கே தீர்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ரேடியோவில் பதில் இல்லை.

தரை மேடு. பேட்டரி பூஜ்யம்.

வண்டி இன்னும் நகர்கிறது.