கண் தெரியாதவளுக்குக் கண்ணாடிப் பலகை

11 ஜனவரி 2009, சாமல்பட்டி

தம்பி மகன் பிரதாப், ஓசூர் கம்பெனியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். சிலேட்டு மாதிரி தட்டை, முழுக்கக் கண்ணாடி. என் மகள் காவேரிக்காம். கண் தெரியாதவளுக்குக் கண்ணாடிப் பலகை! ஜூனில் வரும் அரசு வேலைப் பரீட்சைக்கு அவளுக்குப் பாடம் படித்துக் காட்டுமாம்.

ஏன், நான் செத்தா போனேன்? எழுதப் படிக்கத் தெரியாதவன்தான்; இதைக்கூட டேப்பில்தான் பேசி வைக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டு சரோஜம்மாள் ஒருமுறை வாசித்தால் அப்படியே மனதில் நிற்கும். அதைக் காவேரிக்குச் சொல்லுவேன். பி.ஏ. அப்படித்தான் தேறினாள்.

18 ஜனவரி

பிரதாப் புத்தகத்தைப் படம் பிடித்து ஏற்றினான். பலகை வாயே திறக்கவில்லை.

"எழுத்து பளிச்சுனு தெரியுதே பெரிப்பா!"

"யாருக்குடா தெரியுது?"

படமாக இருந்தால் அதற்குப் படிக்க வராதாம். இவனுக்கெல்லாம் கம்பெனியில் சம்பளம்.

25 ஜனவரி

இன்று ஏதோ பழைய ஃபாண்டில் அடித்த பாடம்; பார்வைக்குத் தமிழாம், உள்ளே இங்கிலீஷ் எழுத்தாம். பலகை ஏ, கியூ, எக்ஸ் என்று கக்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவேரி சிரிக்கவில்லை.

8 பிப்ரவரி

எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரிகிற எழுத்தில் திரும்ப அடித்து வந்திருக்கிறான். தமிழ் பேசும் சாஃப்ட்வேர் போட்டு, தடவிப் பார்த்துத் தட்ட ஒரு கீபோர்டும் மாட்டினான். பேசிவிட்டது. அதுவும் பேச்சா? டின்னுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே குரல்.

காவேரி ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னிடம் இரண்டாம் தடவை கேட்டதே இல்லை — ஏன்?

10 பிப்ரவரி

"அப்பா, பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு மூணுல ஒரு பங்கு எடம்னு போட்டிருக்குது. நீ இத சொல்லவே இல்லியே?"

"வெத்துப் பேச்சும்மா அது. விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? போன பரீட்சையில இதத்தாம்பா கேட்டாங்க."

மறந்தா விட்டேன்? ஒவ்வொரு வரியும் இருக்கிறது. உதவாததைக் கழித்துச் சொன்னேன்.

"வெத்தா இல்லியான்னு நான் பாத்துக்கறேன். திருப்பிக் கேட்டா நீ பெருமூச்சு விடற. இது விடறதில்ல. எதையும் முழுங்கறதும் இல்ல."

பெத்தவன விட டின்னு பெருசாப் போச்சு. போகட்டும். எனக்கென்ன?

11 பிப்ரவரி

எனக்கென்னவா?

14 ஜூன்

பரீட்சை. பிரதாப் கூட்டிப் போனான். என்னை யாரும் கூப்பிடவில்லை.

4 அக்டோபர்

காவேரி தேறிவிட்டாள். ஓசூரில் அரசு வேலை. காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதில் ஒயரைச் செருகினாள். இன்னொரு காதை என் பக்கம் திருப்பி, "சொல்லுப்பா" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் சரோஜம்மாள் பேப்பரோடு வந்தார்.

"படிக்கட்டுமாங்க?"

"படிங்க. ஒண்ணையும் விட வேண்டாம்."

கோழி விலை வரை படித்தார். எல்லாம் மனதில் இருக்கிறது.