மேகலாவின் இடது பக்கம்

ஜூலை 7, திங்கள்

அந்தோணி சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. இன்றைக்குப் பாஸ்கெட்பால் பிராக்டிஸில் என்னையும் மேகலாவையும் ஒன்றாகக் கோர்ட்டில் இறக்கினார். இரண்டு பேரும் சென்டர். கூடைக்கு அடியில் நிற்க ஒரு நெட்டைச்சி போதும், மற்ற நாலு பேரும் ஓடணும் – இதுதான் எல்லா டீமும் செய்வது. இத்தனை நாள் அவள் உள்ளே போனால் நான் வெளியே உட்காருவேன். இப்போது இரண்டு பேரும் உள்ளே.

"ஒரே அடுப்புல ரெண்டு அண்டா" என்று சஹர் சிரித்தாள். பந்தைக் கொண்டு வருபவள் அவள், நாங்கள் இரண்டு பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் அவள் எங்கே போவாள்? ஆனாலும் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சார் வேறு ஒன்றும் சொன்னார். கம்பெனியில் ஷூ ஆர்டர் கம்மி. இந்த சீசனோடு டீமைக் கலைக்கிறார்கள். அதற்கப்புறம் மதியம் மூன்று மணி பிராக்டிஸ் கிடையாது, நாள் முழுக்கத் தையல் லைன்தான். எனக்கு முப்பத்தொன்று. அந்த லைனில் குனிந்த தலை நிமிராமல் கிழவியாகணுமா நான்?

ஜூலை 15, செவ்வாய்

மேகலா இன்று கேன்டீனில் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். இடது காது சுத்தமாகக் கேட்காதாம். சின்ன வயதில் சீழ் பிடித்து, குடியாத்தத்தில் யாரோ எண்ணெய் ஊற்றி, அதோடு போச்சாம். வேலைக்குச் சேரும்போது எப்படியோ சமாளித்திருக்கிறாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. காது கேக்காதவள எவன் டீம்ல எடுப்பான்?"

அதனால்தான் கோர்ட்டில் மோதி மோதிப் பேஜார் பண்ணியிருக்கிறாள் இத்தனை நாளும். எதிர் டீம்காரி பக்கவாட்டில் வந்து வழிமறித்து நிற்பாள், அதுதான் ஸ்க்ரீன். பார்க்காமல் ஓடினால் சுவரில் மோதின மாதிரி. பின்னால் இருப்பவள் "ஸ்க்ரீன், லெஃப்ட்" என்று கத்தித்தான் காப்பாத்தணும். இவளுக்கு இடது பக்கம் கத்தி என்ன புண்ணியம்?

நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம். நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம். இடுப்பில் ஒரு தட்டு தட்டினால் ஆள் வர்றா, நில்லு. ரெண்டு தட்டினால் என் ஆளை நீ பிடி.

ஜூலை 20, ஞாயிறு

வாலாஜாபேட்டை டீமை முப்பது பாயிண்டில் அடித்தோம். எங்களைத் தாண்டி ஒருத்தியாலும் கூடைக்குக் கீழே வர முடியவில்லை. மேகலா 24. நான் 6. "என்னமோ மந்திரம் வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார் சார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்படி இருந்தது.

ஜூலை 26, சனி

புதுசாகப் பெண்கள் லீக் ஒன்று தொடங்குகிறார்கள். சென்னை டீம்காரர்கள் செமி ஃபைனல் பார்க்க வேலூர் வருகிறார்களாம். ரெண்டு வருஷ ஒப்பந்தம், தங்க இடம், சாப்பாடு. பந்து விளையாடுவது மட்டும்தான் வேலை. "உங்க ஜோடியப் பாக்கத்தான் வர்றாங்க" என்றார் சார். ஜோடி என்றுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

ஒருத்திதானாம்.

சாரைக் கேட்டேன். நேரே பார்க்காமல் சொன்னார் – "அவங்க கணக்குல ஒரு சென்டருக்குத்தான் எடம், கிருபா. அவளுக்கு வயசு இருவத்திநாலு. ஸ்கோர் ஷீட்டைப் பாத்தாங்க."

ஸ்கோர் ஷீட். தட்டினது எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கு? அவள் போட்ட இருபத்திநாலில் பாதி என் கையால் வந்தது. நான் நகர்ந்தால் அவள் யாரு? குருடி மாதிரி மோதிக்கிட்டுத் திரிவா.

எழுதியாச்சு. கிழிக்க மாட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் வந்து என் தலையில் பூ வைத்துவிட்டுப் போனாள். "நாளைக்கு ஒண்ணா ஆடி, ஒண்ணா சென்னைக்குப் போலாம்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேகலாவுக்கு முட்டி போய்விட்டது. செமி ஃபைனலில், கடைசிக் குவார்ட்டரில் ஸ்க்ரீனில் மோதி விழுந்தாள். நான் கத்தினேன். எல்லாரும் கேட்டார்கள்.

தோற்றுப்போனோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சார் லைனுக்கே வந்து தோளைத் தட்டினார். "நீ சரியாத்தான் குரல் குடுத்த. எனக்கே கேட்டுச்சு. அந்த சத்தத்துல அவ காதுல விழல, இன்னா பண்றது."

ஆமாம் சார் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இதை ஒரு இடத்திலாவது எழுதணும்.

நாலு நிமிஷம் பாக்கி. அந்த டீமில் குண்டாக ஒருத்தி, அவள் மேகலாவுக்கு இடது பக்கம் வந்து நின்றதை நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மேகலா என்னிடமிருந்து ஒரு முழம் தூரம்கூட இல்லை. மூணு வாரமாகக் கை தானாகப் போகும். அன்றைக்குப் போகவில்லை. வாய்தான் போச்சு. "ஸ்க்ரீன், லெஃப்ட்"னு தொண்டை கிழியக் கத்தினேன். எதுக்கு அவ்வளவு சத்தமா? அவளுக்குக் கேக்கவா? அவளுக்குத்தான் கேக்காதே. ஊருக்குக் கேக்கணும்னு கத்தியிருக்கேன்.

விழட்டும்னு நினைச்சேனா? முட்டி உடையணும்னு நினைக்கல. சத்தியமா இல்ல. ஒரு தடவ மோதட்டும், நான் யாருன்னு அந்தச் சென்னைக்காரன் பாக்கட்டும்னு – அவ்வளவுதான். அவ்வளவுதானா? தெரியல. அவ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மேகலாவின் அம்மா பாக்யலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பக்கத்துல இருந்தியே கண்ணு, அது போதும்." காபி வாங்கி வருகிறேன் என்று போனார்.

மேகலா ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தொட்டிருக்கலாம்லக்கா."

"கை எட்டல மேகலா."

"எட்டிச்சுக்கா."

கட்டிலிலிருந்து நழுவின போர்வையை இழுத்துவிட்டேன்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "உன்னச் சொன்னா என் காதையும் சொல்லணும். முட்டி சரியானா நான் திரும்ப ஆடணும்."

காபி வந்தது. மூன்று பேரும் குடித்தோம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சென்னையிலிருந்து போன். அவளுக்குப் பதில் என்னை எடுக்கிறார்களாம். வேற சென்டர் தேட நேரமில்லையாம். செப்டம்பர் ஒன்று முதல். யோசிக்க ரெண்டு நாள் கேட்டேன். ரெண்டு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நத்தானியேல் சார் மேஜையில் விபத்து அறிக்கை. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுக்க அது வேண்டுமாம். மேகலா தன் கையாலேயே எழுதியிருந்தாள். குண்டு குண்டு எழுத்து.

'சக வீராங்கனை முன்கூட்டியே எச்சரித்தார். நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது.'

கீழே, நேரில் கண்டவர் என்ற இடம் காலி.

"படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா, உண்மைதான?" என்றார்.

அவளுடைய காதைக் காப்பாற்றத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. சென்னைக்குப் பெட்டி கட்ட ஆரம்பிச்சாச்சு, அதனால்தான் போட்டேன். தேதியும் போடச் சொன்னார். போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

சஹர் டீம் சார்பில் ஒரு பை கொடுத்தாள். எல்லாரும் வந்திருந்தார்கள். மேகலா வரவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள். சென்னை

காலையில் பாக்யலட்சுமி அம்மா கூப்பிட்டார். இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை, ஷூவுக்குக் கயிறு கோக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்களாம். "அவ பேச மாட்டேங்கறா, நான்தான் கூப்பிட்டேன். நீயாவது நல்லா ஆடு கண்ணு, அவளுக்கும் சேத்து."

சரிம்மா என்றேன்.

சாயங்காலம் முதல் பிராக்டிஸ். நல்லாத்தான் ஆடினேன்.