ஆசிட்டில் கிடந்த கைப்பிடிகள்

புக்கிட் பெலிம்பிங்

அன்பு மகள் ஜெனட்டுக்கு,

ஆண்டவர் அருளால் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே தினமும் மழை, துணி காய்வதில்லை, பக்கத்து வீட்டுத் திலகம் உன் கல்யாணச் சேலை என்ன நிறம் என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

அந்தப் பழைய மோரிஸ் மைனர் காரில்தான் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்பது உனக்குத் தெரியும். பெயிண்ட் முடிந்தது, இனி குரோம் முலாம்தான் பாக்கி. முலாம் பூசும் கிள்ளான் கடைக்கு அனுப்புமுன் பழைய பூச்சை எடுத்து, துருவைச் சுரண்டி, எல்லாவற்றையும் தானே தேய்த்துக் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி, அடியில் சின்னக் கீறல் இருந்தாலும் புதுக் குரோம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பம்பர் இரும்பு, ஆசிட்டில் போடலாம். கதவுக் கைப்பிடி துத்தநாகக் கலவை, போட்டால் அரித்துவிடும். முதலில் காந்தம் வைத்துப் பார், ஒட்டாததை ஆசிட் பக்கமே கொண்டுபோகாதே என்று பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார், கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

போன சனிக்கிழமை துணி எடுக்கப் பின்பக்கம் போனேன், ஆசிட் தொட்டி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கைப்பிடிகள். காலையில் அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டு போனவர் அவரேதான். இடுக்கியால் எடுத்தால் கரையான் தின்ற கட்டை மாதிரி இருந்தன. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, யாரு இத உள்ள போட்டது என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை ஜெனட், முகத்தில் பயம் இருந்தது. நான்தான் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இத்தன வருசம் என்கூட இருந்தும் காந்தம் வெச்சுப் பாக்கத் தெரியலையா ஒனக்கு என்று கத்தினார். திட்டை வாங்கிக்கொண்டு குசினியில் அடுப்புப் பக்கம் போய் அழுதேன். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மவுரீன் என் சாமானைக் கெடுத்துவிட்டாள் என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேறு ஏதோ சாக்குச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி நோய், வேகமாகப் போகிறது, கல்யாணம் வைத்திருக்கிற டிசம்பரில் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது என்கிறார். நான் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சுகிறேன். கல்யாணத்தை ஈஸ்டர் முடிந்ததும் வைத்துக்கொள்வோம், மாப்பிள்ளை வீட்டில் நானே பேசுகிறேன். கார் தயாராகாவிட்டால் கிடக்கட்டும். உன் கையைப் பிடித்துப் பீடம் வரை நடக்கிறவருக்கு நீ யாரென்று தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

மாதா உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, இராத்திரி வேலைக்குத் தனியாக நடந்து போகாதே. வீட்டு வாசலில் வந்து இறங்கியதும், நான் ஜெனட் வந்திருக்கிறேன் அப்பா என்று நீயே முதலில் சொல்லிவிடு. அவரை யோசிக்க விடாதே.

உன் அம்மா
மவுரீன்