நான்கு கேள்விகளுக்கும் இல்லை என்றேன்

என் அன்பு மகள் பெரியமனுஷிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இத்தனை வருஷமாக இந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் யோசித்துத்தான் எழுதினேன், உண்மையிலேயே சுகம். அம்மாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது, நேற்று யாரையும் பிடித்துக்கொள்ளாமல் வாசல்வரை நடந்து வந்து, குப்பைத் தொட்டியை நான் தப்பான இடத்தில் வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துத் திட்டிவிட்டுப் போனாள். நீயும் அதே மாதிரி நல்லபடியாக இருக்க வேண்டும், வார்டில் நின்றுகொண்டே நாலு வாய் தின்றுவிட்டு ஓடுகிற பழக்கத்தை விட வேண்டும். தினமும் போனில் பேசுகிற அப்பா திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதுதான் சிக்கல். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னீர்களா அப்பா என்று நீ கேட்டாய், சொன்னேன் என்றேன். சொல்லவில்லை. அங்கேயும் பொய் சொன்னேன், உன்னிடமும் பொய் சொன்னேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தொப்புளுக்கு மேலே இருந்த அந்தக் குடலிறக்கத்துக்கு, ஊரெல்லாம் இந்தத் தொற்று பரவுவதற்கு முன்பே அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். அப்புறம் அவசரமில்லாத ஆபரேஷனெல்லாம் நிறுத்திவிட்டோம் என்று மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், இவளும் தப்பித்தோம் என்று சந்தோஷமாக இருந்தாள். ஆபரேஷன் நடந்த அந்த வாரம் திங்கட்கிழமை அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்து அந்த வாடை மாடிவரைக்கும் வந்துவிட்டது, நான் இறங்கி ஓடிவந்து பார்த்தால் இவள் இரண்டடி தூரத்தில் திரும்பி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். தீய்ஞ்ச வாடை அடிக்கலையா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியலையே, உங்க மூக்குதான் ஊருக்கே பெரிசாச்சே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசனை போனால் என்ன அர்த்தம் என்று நீ எங்கள் இரண்டு பேரையும் போன் முன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தாயே. உன்னிடம் சொன்னால் அங்கே உனக்கு வேலை ஓடாது, நாலு நாள் வீட்டோடு கிடந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்து, அவளையும் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டி கல் மாதிரி இறுகிவிட்டது. வழக்கமாகப் படுத்தால் உள்ளே போய்விடும், அன்றைக்குப் போகவில்லை, வாந்தி நிற்கவில்லை, அவள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன்தான் தன் வேனில் வயரையும் ஏணியையும் ஒதுக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார், "அண்ணே, காய்ச்சல்னு மட்டும் வாயில வந்துடக்கூடாது, எங்க பெரியம்மாவைத் தனியா ஒரு கொட்டகையில உக்கார வெச்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் எட்டு மணி நேரம் யாரும் தொடலை" என்று. எட்டு மணி நேரம் என்று கேட்டதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு, ஒரு மேஜை, நடுவில் பிளாஸ்டிக் திரை, திரைக்குப் பின்னால் உன் வயசில் ஒரு பெண். நெற்றியில் அந்தக் கருவியைக் காட்டினாள், காலையில் போட்ட மாத்திரையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அம்மாவால் பேச முடியவில்லை, அதனால் கேள்விகளை என்னிடம் கேட்டாள். காய்ச்சல் இருந்ததா, இருமல் இருந்ததா, வாசனை தெரியாமல் போனதா, வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா. எனக்கே இரண்டு நாளாகத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. நாலுக்கும் இல்லை என்றேன். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவன் நான், பொய் சொல்கிறவன் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான் என்பது எனக்குத் தெரியும், அதனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்தி, அவள் கண்ணைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். என் தொழில் வாழ்க்கை முழுவதும் யார் யாரையோ பிடித்த வித்தையை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் காட்டினேன். அவள் நம்பி, படிவத்தில் நாலு கோடு போட்டு உள்ளே அனுப்பினாள்.

ஆபரேஷன் இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். பொய்யைச் சொல்லிவிட்டு உடனே போனை வைத்தேனே, சார்ஜ் இல்லை என்றேனே, அதுவும் பொய். சர்ஜன் வெளியே வந்து, குடல் ஒரு சாண் அளவுக்குக் கறுத்துப்போய் மாட்டிக்கொண்டிருந்தது, விடுவித்து வெந்நீர்த் துணி போட்டு வைத்ததும் நிறம் திரும்பிவிட்டது, வெட்ட வேண்டியிருக்கவில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். அவருக்குப் பின்னாலேயே மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா வந்தார், முப்பத்தைந்து வயசு இருக்கும், மாஸ்க் கன்னத்தில் பதிந்திருந்தது. "மயக்கம் வர்றதுக்கு முன்னாடி உங்களைத்தான் கேட்டாங்க, அவர் மத்தியானம் சாப்பிடலை, யாராவது ஏதாவது வாங்கிக் குடுங்கன்னு. சாப்பிடுங்க முதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தொண்டைக்குள் குழாய் விடுகிறவர் அவர்தான், அம்மாவின் மூச்சு அத்தனையும் அவர் முகத்தில்தான் பட்டிருக்கும், இது எனக்குத் தெரியும், நீ சொல்லித்தான் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த டெஸ்ட்டுக்கு மறுநாள் காலையில் ரிசல்ட் வந்தது, அம்மாவுக்குத் தொற்று. ஆஸ்பத்திரியில்தான் ஒட்டிக்கொண்டது என்று நீ நினைத்தாய், ஒரே ராத்திரியில் அப்படி ஒட்டாது என்று நர்சான உனக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் அப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று அந்தக் கணக்கை நீ போட்டுப்பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தது உன் அம்மாதான், அதுவும் வெள்ளந்தியாக. முன்னாடியே ஏதாவது இருந்ததா என்று வார்டு நர்ஸ் கேட்டதற்கு, கரகரத்த குரலில், "ஆமாம்மா, புதன்கிழமையிலேர்ந்து வாசனையே இல்லை, அவருக்குத் தெரியுமே, சொல்லலையா" என்றாளாம். நர்ஸ் எனக்குப் போன் செய்தார். ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, தேதிகளை மட்டும் குறித்துக்கொண்டார். பிறகு சர்ஜன் பேசினார், அவர் சொன்னது இன்னமும் என்னை விடவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் காக்கவைத்திருக்க மாட்டார்களாம். வேறு அறையில், தலை முதல் கால்வரை மூடுகிற அந்த முழு உடையும் போட்டுக்கொண்டு அதே ஆபரேஷனைச் செய்திருப்பார்களாம். முழு உடை குறைச்சலாக இருந்ததால் சந்தேகம் இருக்கிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம். "கூடப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும் சார், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும்.

ஐந்தாம் நாள் அந்த டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் அவரையே அதே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டில் தனியாக அடைந்து கிடந்த நான் தினமும் காலையில் ஆஸ்பத்திரி விசாரணைக் கவுண்டருக்குப் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். அப்படிக் கேட்க ஆரம்பித்த மூன்றாம் நாள் அங்கே பேசுகிற அம்மாள், "நீங்க டாக்டரோட அப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் விவரமாகச் சொல்லியிருப்பார். இல்லைம்மா, அவர் இப்படிப் படுக்கக் காரணமானவன் நான்தான் என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், இன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டார் என்றார். அதன் பிறகு தினமும் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு வேலை கற்றுக்கொடுத்த அந்த மூத்த சிஸ்டர் தொற்றில் இறந்துபோனது இதே மாதிரி ஒருவன் காய்ச்சலை மறைத்ததால்தான். நீ அன்றைக்குப் பேச முடியாமல் அழுதபோது, அந்த ஆள் என் கையில் கிடைத்தால் கழுத்தைத் திருகிப் போடுவேன் என்று நான் கத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம். அவன் யாரோ எவனோ என்று நினைத்தேன், அவனும் பக்கத்தில் ஒருத்தியை வைத்துக்கொண்டுதான் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. அவன் செய்தது தப்பு, நான் செய்ததும் அதே தப்பு, எங்களுக்குள் ஒரே வித்தியாசம் டாக்டரம்மா பிழைத்துக்கொண்டார் என்பதுதான், அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார் என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தள்ளி நின்று, நாலு நாள் ஒத்திகை பார்த்துவைத்ததை எல்லாம் மறந்து, தப்பு பண்ணிட்டேம்மா என்று மட்டும் சொன்னேன். முதலில் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அப்புறம் கோபமாகவே பேசினார். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலைங்க. பதினெட்டு நாள் என் பொண்ணு என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தா. நாலு வயசு. நான் அவமேல கோபமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டா." எனக்குப் போகலாமா என்று கேட்கவும் தைரியம் இல்லை. அவரே, "உங்க பொண்ணும் ஆஸ்பத்திரி வேலைதானாமே, உங்க வீட்டம்மா சொன்னாங்க. அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லுங்க" என்றார்.

உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உனக்காகத்தானே செய்தேன் என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன், "எனக்காகன்னு சொல்லாதீங்க, நான் பிழைச்சு வந்து இதைச் சுமக்கணுமா?" என்று அழுதுவிட்டாள். உன்னிடம் தான் சொல்ல மாட்டேன், நீங்களேதான் சொல்ல வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டாள். இப்போது பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள், எத்தனை பக்கம் ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அவளுக்குச் சரியாக இருக்கிறது, எனக்கு அனுப்பியதையும் அவளே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீ கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு, அம்மாவுக்கு மட்டும் தினமும் போன் செய். நீ நீண்ட ஆயுளோடும் உடம்பில் குறையில்லாமலும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. உன் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு ஆள் வந்து நிற்பார். வயசானவராக இருப்பார், அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பார், பக்கத்தில் ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருப்பாள். நீ கேட்டதற்கெல்லாம் இல்லை என்று நிதானமாகச் சொல்வார், பாவம், நல்ல மனுஷன் என்று உனக்குத் தோன்றும். அவர் நல்ல மனுஷனாகவே இருக்கட்டும், நம்பாதே. அவளைக் காப்பாற்று, ஆனால் முழு உடையையும் போட்டு, மாஸ்க்கை மூக்கின்மேல் அழுத்திவிட்டு, அதற்குப் பிறகு தொடு. நிமிர்ந்து பார்க்கும்போது அந்த ஆள் உன் அப்பா மாதிரியே இருந்தாலும் நம்பாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா