பன்னிரண்டு போனது, பதினொன்று வந்தது

5-7-99, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. தேஹு ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் இருபது நிமிஷம் லேட். குடைக் கம்பி உடைந்தது. லைப்ரரியில் அரிய நூல் அறை மேற்கு மூலையில் ஒழுகல். பக்கெட் வைத்து, மூன்றாம் அலமாரியை நகர்த்தியாயிற்று.

ஸ்டாக் எடுப்பு. நான் ரிஜிஸ்டர் படிக்க, லைப்ரரியன் குல்கர்ணி சார் அலமாரியில் பார்த்து "ஆஹே", இருக்கிறது, என்று சொல்ல வேண்டும். மூன்று மணி வரை எல்லாம் ஆஹே. எண் 5417, கல்லச்சுப் பஞ்சாங்கம், 24 தாள். பதில் இல்லை. மறுபடி படித்தேன். இல்லை. இந்த ஊரில் வேறு எவரிடமும் பிரதி கிடையாது என்று போன மாதம்தான் சார் யாரிடமோ பெருமையடித்தார்.

பைண்டிங் நோட்டை எடுத்தார். பிப்ரவரியில் காதர் பாயிடம் போனவை 12. திரும்பியவை 11. இரண்டும் என் கையெழுத்து. ஐந்து மாதமாக அந்த 11 அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை.

பாயை இங்கே கொண்டுவந்ததும் நான்தான். கேம்ப் பகுதியில் பைண்டிங் கடை, கடையநல்லூர்க்காரர், எங்கள் பக்கத்து ஊர், தங்கமான கை என்று சிபாரிசு.

வெள்ளி 11 மணிக்கு எனக்கு இன்டர்வியூ. ஏழு வருஷ டெம்பரரிக்கு ஒரு முடிவு.

வாங்க: குடை, ரவை, கிராஃப் நோட்டு.

6-7, செவ்வாய்

பாயை வரச் சொன்னார்கள். குல்கர்ணி சார் ஹிந்தியில் குடைந்தார். கொண்டுபோனது எல்லாம் கொடுத்துவிட்டேன், ஒரே பதில். நோட்டைக் காட்டினார் சார். பாய் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

போகும்போது கேட்டில் வாட்ச்மேன் காம்ப்ளே பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான். ஊசி, நூல்கண்டு, டிபன் பாக்ஸ், தொழுகைத் தொப்பி. எல்லாம் ஈரத் தரையில். பிப்ரவரியில் போன புத்தகத்தை ஜூலையில் டிபன் பாக்ஸுக்குள் தேடுகிறார்கள்! ஆபீஸ் மொத்தமும் ஜன்னலில். நானும்தான்.

ஒரு நிமிஷம் நானே நினைத்தேன், எடுத்திருப்பாரோ என்று. எழுதக் கூசுகிறது.

சனிக்கிழமை போலீஸில் புகார் என்கிறார் சார்.

7-7, புதன்

மழை குறைவு. தலைவலி. கார்டு வேலை.

பைண்டிங்கிலிருந்து வந்ததில் 5392, பாட்டுப் புத்தகம். கார்டில் 36 தாள். கையில் எடுத்ததுமே இடித்தது, இத்தனை தடிமன் எப்படி? எண்ணினேன். 60. மறுபடி எண்ணினேன். 60.

37-ஆம் தாளில் பஞ்சாங்கம். சுகமாக உள்ளே இருக்கிறது.

எல்லாம் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் அனுப்பிய அன்றைக்கு, புத்தகத்துக்கு ஒன்றாக வைக்கும் பைண்டிங் சீட்டு தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டால் நாளைக்கு என்பார்கள். இரண்டும் ஒரே அளவு, மெலிசு. ஒரே சீட்டு வைத்து ஒரே நாடாவில் கட்டிக் கொடுத்தேன். பைண்டருக்கு ஒரு கட்டு என்றால் ஒரு புத்தகம். சேர்த்துத் தைத்துவிட்டார். திரும்பி வந்தபோது முதுகை மட்டும் பார்த்து அலமாரியில் செருகியவளும் நான்தான்.

மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இவர் ராணுவ டெப்போவிலிருந்து எட்டரைக்கு வந்தார். எல்லையில் சண்டை, தினம் ஓவர்டைம். சொன்னேன். "வெள்ளிக்கெழம முடியட்டும். புகாரு சனிக்கெழமதான? அதுக்குள்ள கெடச்சிட்டுன்னு எடுத்துக் குடு. ரெண்டு நாள்ல பாய்க்கு என்ன ஆயிரப் போவுது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

8-7, வியாழன்

பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம். பஸ் இல்லை. சிவாஜிநகரிலிருந்து நடை, செருப்பெல்லாம் சகதி.

காலையில் பாய் வந்தாராம், முடித்த பைண்டிங் கொடுக்க. காம்ப்ளே கேட்டுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான். திருடனை உள்ளே விடமாட்டேன் மேடம் என்று என்னிடம் சிரிக்கிறான். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். சீ.

இன்டர்வியூவுக்குப் படிக்க உட்கார்ந்தேன். வகைப்பாடு, கரையான், ஈரப்பதம். ஒன்றும் ஏறவில்லை. சாதம் குழைந்துவிட்டது.

9-7, வெள்ளி

நீலக் காட்டன் புடவை. நாலு பேர் கமிட்டி, குல்கர்ணி சார் ஓரமாக. நன்றாகவே சொன்னேன். காணாமல் போனதைப் பற்றியும் கேட்டார்கள்: இனி எப்படித் தடுப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, திரும்பும்போது தாள் எண்ணிக்கை என்றேன். நல்ல பதில் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போய்த் திரும்பியும் வந்துவிட்டார். எழுந்துபோய் 5392-ஐ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே. 37-ஆம் தாளைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். தவறு என்னுடையது. புதன்கிழமையே தெரியும். இரண்டையும் சொன்னேன்.

குல்கர்ணி சார் கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமையேவா?" என்றார். அவ்வளவுதான். முடிவு தபாலில் வருமாம். வராமலும் போகலாம்.

நேரே கேம்ப். பாய் கடையில் தனியாக இருந்தார்.

"பாய், பஞ்சாங்கம் கெடச்சிட்டு. நான்தான் ரெண்டையும் சேத்துக் கட்டிக் குடுத்துருக்கேன்."

"தெரியும்மா. அன்னைக்கு நோட்டப் பாத்ததும் நெனப்பு வந்துட்டு. தைக்கும்போதே ரெண்டு புக்கு மாதிரி இருக்கேன்னு பாத்தேன். கட்டு ஒண்ணுதானன்னு தச்சிட்டேன்."

"அப்பவே சொல்லிருக்கலாம்லா?"

"வெள்ளிக்கெழம இன்டர்வியூன்னு போன வாரம் நீங்கதான சொன்னிய. நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

அழுதுவிட்டேன், கடையில் வைத்து. டீ வரவழைத்தார். குடித்து முடித்தேன். பிறகு கேட்டார்.

"யாருட்ட சொன்னிய?"

"கமிட்டி ரூம்ல."

"எம் பையக் கொட்டுனது கேட்லல்லா. அங்க வச்சும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

கோபமே இல்லை குரலில். மன்னித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

12-7, திங்கள்

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு.

9.40, கேட். எல்லாரும் வந்துகொண்டிருக்கும் நேரம். நேற்று முழுக்க மராத்தியில் எழுதிப் பார்த்த நாலு வாக்கியம் இரண்டாவதிலேயே மறந்துவிட்டது. மீதி ஹிந்தியில். பாய் எதையும் எடுக்கவில்லை. தப்பு செய்தவள் நான். தெரிந்தும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குல்கர்ணி சார் குடையை மடக்கிக்கொண்டு நின்று கேட்டார்.

காம்ப்ளே ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "தும்ஹி, மேடம்?" நீங்களா என்று கேட்கிறான்.

நான்தான் என்றேன்.