இருபத்தைந்து தாள்கள்

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

பட்டாணி அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. முதல் பாதியை எழுத முடியவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் ஆபீஸ் ஃபோனில் நீங்கள் பேசும்போது பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இங்கே என் பக்கத்தில் நம் பட்டாணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரே அறை உள்ள வீட்டில் ரகசியம் பேச எங்கே போவது? போன வாரம் நீங்கள் கேட்டபோது காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும்தான் சொன்னேன். உங்கள் கிரேன் டிரைவர் லீவு முடிந்து நாளைக் காலை கிளம்புகிறார். திங்கட்கிழமை உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அவள் இப்போது மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளை முன்னால் வைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்த சனிக்கிழமை. நீங்கள் லீவு சொல்லி டிக்கெட்டும் எடுத்து வைத்திருக்கும் தேதிக்கு இருபத்தைந்து நாள் முன்னால்.

டாக்டர்தான் சொன்னார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். வார்டு முழுக்க உங்கள் மகள் தன் பிறந்தநாளைத் தம்பட்டம் அடித்திருக்கிறாள், அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அவ்வளவு நாள் காத்திருக்க வேணாம்மா. இப்பவே வெச்சுடுங்க. அவங்க அப்பாவையும் வரச் சொல்லிடுங்க" என்றார். சாமான் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிரம்பி வழிந்து வெளியே தண்ணீர் வந்துவிட்டது. ஆயாம்மா கதவைத் தட்டித் திட்டினாள்.

உங்கள் மகளிடம் பிறந்தநாளை மாற்றுவது சாதாரண காரியமா? போன வருடம் இரண்டு நாள் முன்னாலேயே நீங்கள் திரும்ப வேண்டி வந்தது. உங்களுக்காக அன்றைக்கே கேக்கை வெட்டு என்று கெஞ்சினோம். "எனக்கு இன்னும் ஆறு ஆகலையே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் ஒரு துண்டு கேக் சாப்பிடாமலே ரயில் ஏறினீர்கள். சட்டம் பேசுவதில் உங்கள் அம்மா தோற்றார்கள்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மாற்றுத்துணி எடுக்க வந்த அன்று, நம் வீட்டு தினசரிக் காலண்டரில் கை வைத்தேன். காலண்டர் கட்டும் பட்டறையில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், தகரப் பட்டிக்கு அடியில் துணுக்குகூட மிஞ்சாமல் தாளை உருவ எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்த குழந்தைக்குத் தேதி நினைவிருக்காது, வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்துத் தன் பிறந்தநாள் நெருங்கிவிட்டது என்று குதிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பட்டறையில் எதையும் இருபத்தைந்து இருபத்தைந்தாகத்தான் எண்ணிக் கட்டுவோம். கை அந்தப் பழக்கத்தில் இருபத்தைந்தில் நின்றுவிட்டது. இன்னும் மூன்று தாள் எடுத்து இருபத்தெட்டு ஆக்கியிருந்தால் கிழமை மாறியிருக்காது. இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தோம். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. யூனிஃபார்ம் போட்ட கூட்டம் தெருவெல்லாம் ஓடியது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். "ஒண்ணாங்கிளாஸ் குட்டிங்களுக்குமா?" என்று கேட்டாள். எனக்கு அடுப்பில் வேலை இருப்பதுபோல் எழுந்து போனேன். அவளும் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே விருந்தாளிப் பட்டியல் தயாரானது. ஐந்து பேருக்கு மேல் கூடாது, வருகிறவர்கள் மாஸ்க் போட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டரின் உத்தரவு. முதல் பெயர் அப்பா. பிறகு நான். வீட்டுக்காரியையும் விருந்தாளியில் சேர்த்ததற்கு நன்றி சொன்னேன். பிறகு எதிர்வீட்டுத் தையல்காரம்மா, வகுப்பு டீச்சர். ஐந்தாவதாக ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ரெட்டைஜடை. அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்கேல் வைத்து அந்தப் பெயரை அவளே அடித்தாள்.

கேக் விஷயத்துக்கு நீங்கள்தான் காரணம். சுரங்கப் பாதையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்திப்போம் என்று அவளிடம் கதை அளந்தீர்கள் இல்லையா? அதனால் மலை மாதிரி கேக் வேண்டுமாம். இரண்டு கத்தி வேண்டுமாம். இந்தப் பக்கமிருந்து அவள், அந்தப் பக்கமிருந்து நீங்கள். நேற்று பேக்கரியில் போய்ச் சொன்னேன். "பொம்மை செஞ்சிருக்கேன், கார் செஞ்சிருக்கேன், மலையைக் கேட்டு யாரும் வந்ததில்லம்மா" என்று பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். செய்து தருகிறேன் என்றிருக்கிறார். அந்த மலை ஒரு நரி மாதிரி வந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுங்கள்.

நான் பேக்கரிக்குப் போயிருந்தபோதுதான் அகப்பட்டுக்கொண்டேன். உருவிய தாள்களை எறிய மனம் வரவில்லை, ரப்பர் பேண்டு போட்டுத் துணி அடுக்குக்கு அடியில் வைத்திருந்தேன். காகிதத்தை எறிந்து பழக்கமில்லாத கை. பிறந்தநாள் கவுன் தைக்கத் தையல்காரம்மா அளவுக்கு ஒரு பழைய கவுன் கேட்டிருக்கிறார். இவள் எடுத்துத் தரப் போய்க் கட்டு கையில் சிக்கிவிட்டது. நான் வந்து பார்க்கும்போது தாள்களை மடியில் வரிசையாக அடுக்கி எண்ணி முடித்திருந்தாள்.

ஏன் கிழித்தாய் என்று கேட்கவில்லை. இன்னும் எனக்கு ஏழு ஆகலையே என்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் பேசுகிற வாய் என்னோடு சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பாவோட காலண்டர்ல இதெல்லாம் அப்படியே இருக்குமில்ல? அப்ப அவரு லேட்டாத்தானே வருவாரு?" என்றாள். அவ்வளவுதான் அவள் கவலை. அப்பாவுக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். தாள்களைத் திரும்ப ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்டைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். எது எதைக் கிழிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமாம். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை காலை வண்டியைப் பிடித்தால் வெள்ளி இரவு வந்துவிடலாம். சூப்பர்வைசர் இழுத்தடித்தால் வெட்கப்படாமல் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அது வேண்டாம். உங்கள் மஞ்சள் ஹெல்மெட்டைக் கொண்டுவாருங்கள். அவள் தலையில் முடி இல்லை, கேக் வெட்டும்போது அதைப் போட்டுக்கொள்வாளாம். ரொம்ப இளைத்துவிட்டாள். பார்த்ததும் உங்கள் முகம் மாறக்கூடாது. அழுவதாக இருந்தால் ரயிலிலேயே அழுது முடித்துவிட்டு வாருங்கள். நான் குளியலறையில் முடித்ததுபோல.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்தத் தாள்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "அப்பாவால வர முடியலைன்னா எல்லாத்தையும் திரும்ப ஒட்டிடும்மா. அவரு வர்ற வரைக்கும் நான் இருக்கேன். உனக்குத்தான் ஒட்டத் தெரியுமே."

பதினோரு வருடமாகத் தாள் ஒட்டுகிறேன். இதை எப்படி ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்துவிடுங்கள்.

பத்திரமாக வாருங்கள். வழியில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கத்தியையும் வாங்கி வைத்துவிட்டு,
பட்டாணி அம்மா